பதினோரு மாத வாசிப்பு

தாச்சோவுக்கு வயிறு எரிந்தது. ஒரு நாள் இரண்டு நாள் எரிச்சல் இல்லை. வியாழக்கிழமை மாலை ஏழு மணிக்குச் சபையில் விளக்குப் போட்டதும் பற்றிக்கொள்ளும், வீட்டுக்குப் போய்ப் படுத்தாலும் அணையாது. யாரிடமாவது சொல்லி ஆறலாம் என்றால் அதற்கும் வழியில்லை. பஸ்ஸில் சிப்பா ரொட்டி விற்கிற ஒருத்தன்மேல் எனக்குப் பொறாமை என்று ஐம்பத்து நாலு வயதில் வாய் திறந்து சொல்ல முடியுமா?

முழுப் பெயர் அனஸ்தாசியோ. ஊர் எல்லையில், செம்மண் பள்ளத்துக்குப் பக்கத்தில், கூரை ஓடு சுடுகிற சூளை வைத்திருந்தார். அது பிழைப்பு. பெருமை வேறு இடத்தில் இருந்தது. எங்கள் சபையின் ஊழியப் பள்ளியைப் பத்தொன்பது வருடமாக நடத்திவந்தவர் அவர்தான். பள்ளி என்றால் பிள்ளைகள் பள்ளி அல்ல. ஆணும் பெண்ணுமாக வாரம் ஒரு மாலை மேடையேறி, பைபிளைத் தப்பில்லாமல் வாசிக்கவும் கை நடுங்காமல் நாலு பேர் முன்னால் பேசவும் பழகுகிற பள்ளி. யாருக்கு எந்தப் பகுதி என்று மூன்று வாரம் முன்னாலேயே சீட்டு எழுதிக் கொடுப்பார். முன்வரிசையில் கடிகாரத்தோடு உட்கார்ந்திருப்பார், ஐந்து நிமிடம் ஆனால் மேசை மணியை டிங் என்று தட்டுவார். பாதி வாக்கியத்தில் இருந்தாலும் தட்டுவார், அதில் தாட்சண்யமே கிடையாது. அப்புறம் எல்லாருக்கும் முன்னால் நிறையும் குறையும் சொல்லி, ஆளுக்கொரு தாளில் ‘நன்று’ அல்லது ‘இன்னும் பழக வேண்டும்’ என்று குறிப்பார். அவர் கையால் ஒரு ‘நன்று’ வாங்கிவிட்டால் அந்த வாரம் முழுக்க வாயெல்லாம் பல்லாகத் திரிந்தவர்கள் உண்டு.

வருடத்துக்கு ஒரு முறை ஒவியெதோ நகரத்து விளையாட்டரங்கில் வட்டார மாநாடு நடக்கும். இருபது சபைகள், ஆயிரத்து இருநூறு பேர். அதில் பைபிள் வாசிக்க எங்கள் சபையிலிருந்து ஒரு ஆளை அனுப்பச் சொல்வார்கள். அந்த ஒரு ஆள் எப்போதும் தாச்சோ. அவர் மனைவி எமில்சே ஒரு மாதம் முன்பே அவர் போட்டுக்கொள்கிற கோட்டை எடுத்து வெயிலில் போட்டுவிடுவாள்.

இந்த ஏற்பாட்டுக்குள்தான் செஃபெரினோ வந்து சேர்ந்தான்.

முப்பத்தெட்டு வயது. ஆல்தோ பரனா பக்கம் மரம் வெட்டும் முகாம்களில் வளர்ந்தவன். இப்போது கூட்டுரோட்டில் பஸ்ஸுக்கு பஸ் தாவி ஏறிச் சிப்பா விற்கிறான். தலையில் கூடை, வாயில் பாட்டு மாதிரி ஒரு கூவல். பின்சீட்டில் தூங்குகிற கிழவிகூட எழுந்து, மரவள்ளி மாவும் பாலாடைக்கட்டியும் மணக்கிற அந்த வளையத்தை வாங்கிக் கடிப்பாள். ஞானஸ்நானம் பெற்ற கையோடு பள்ளியில் பெயர் கொடுத்தான். புதிதாகச் சேர்கிற ஆண்களுக்கு முதலில் வாசிப்புத்தான் கொடுப்பார்கள். இரண்டு மூன்று தடவை நன்றாக வாசித்துவிட்டால் அடுத்து பேச்சுக்கு மாற்றுவார்கள்.

அவன் முதல் தடவை வாசித்தபோது சபை மன்றத்தில் யார் கையிலும் விசிறி ஆடவில்லை. ஒரு போர்க்களப் பகுதி. எங்கே மெதுவாக, எங்கே உரக்க, எங்கே மூச்சை நிறுத்தி ஆளைத் தவிக்கவிடவேண்டும் என்பதெல்லாம் அவனுக்கு யார் சொல்லிக் கொடுத்தார்களோ! நிமிர்ந்து ஒவ்வொரு வரிசையாகப் பார்த்து வாசித்தான். பெண்கள் பக்கம் இரண்டு பேர் மூக்கை உறிஞ்சினார்கள். நாலு நிமிடம் ஐம்பது விநாடியில் முடித்து இறங்கினான், மணிக்கு வேலையே இல்லை.

தாச்சோ எழுந்தார்.

“குரல் பரவால்ல, சகோதரரே. ஆனா வாசிக்கிறவன் கண்ணு புஸ்தகத்துல இருக்கணும். நீங்க சும்மா சும்மா ஜனங்களப் பாத்துக்கிட்டே இருக்கீங்க. இன்னும் பழகணும்.”

“சரிண்ணே. ரொம்ப நன்றிண்ணே,” என்றான் செஃபெரினோ. முகத்தில் ஒரு சுளிப்பு இல்லை.

வீட்டுக்கு நடக்கும்போது எமில்சே விடவில்லை. “போன வாரம் நம்ம சூளை இலாரியோவ என்ன சொன்ன? ‘குனிஞ்ச தல நிமிராம வாசிக்கிற, ஜனங்களப் பாரு’ன்ன. இன்னிக்கு இவன் பாக்கிறான்னு திட்டற. உனக்கு என்னதான் வேணும் தாச்சோ?”

“அது வேற, இது வேற. உனக்குப் புரியாது.”

“எனக்கா புரியாது?” என்று அவள் சிரித்தாள். அந்தச் சிரிப்பு அவருக்குச் சுருக்கென்று தைத்தது.

அதற்கப்புறம் சின்னச் சின்னதாக எத்தனையோ. கூட்டம் முடிந்தால் முன்பெல்லாம் ஆட்கள் தங்கள் தாளோடு தாச்சோவைச் சுற்றி நிற்பார்கள். இப்போது கும்பல் வாசற்பக்கம் செஃபெரினோவைச் சுற்றி. அவன் பஸ் டிரைவரைப் போலவும் டிக்கெட் கேட்கிறவனைப் போலவும் நடித்துக் காட்ட, எல்லாரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பார்கள். மூப்பர் ரெமிஹியோ, தாச்சோவோடு சேர்ந்து சபையைப் பார்த்துக்கொள்கிற அந்தப் பழைய சிநேகிதர்கூட, தாச்சோ பேசிக்கொண்டிருக்கும்போதே ஒரு காதை அந்தப் பக்கம் வைத்திருப்பார். ஞாயிற்றுக்கிழமை தெரெரே குடிக்க உட்கார்ந்தால், குளிர்ந்த இலைத்தண்ணீர்க் கோப்பை கைமாறிக் கைமாறி அவனிடம் போனதும் நின்றுவிடும். அவன் கதையை முடிக்கும்வரை திரும்பி வராது. தாச்சோ வறண்ட வாயோடு காத்திருப்பார். எரியுமா எரியாதா?

எரிந்த மனுஷன் கையில் சீட்டு எழுதுகிற பேனா இருந்தது. மாதா மாதம் செஃபெரினோவுக்கு வாசிப்பே எழுதினார். அவனுக்குப் பின்னால் சேர்ந்த இரண்டு பேர் பேச்சுக்குப் போய்விட்டார்கள். இவனுக்கு மட்டும் வாசிப்பு, தாளில் ‘இன்னும் பழக வேண்டும்’. ஒரு மாதம் கண், ஒரு மாதம் நிற்கிற நிலை, ஒரு மாதம் கழுத்துப்பட்டை முடிச்சு. இப்படிப் பதினோரு மாதம். அவனோ ஒவ்வொரு தடவையும் வந்து கையைப் பிடித்து நன்றி சொல்லிவிட்டுப் போனான். சண்டைக்கு வந்திருந்தால்கூடத் தேவலை.

பதினோராவது மாதம்தான் தாச்சோ அதைக் கண்டுபிடித்தார்.

எங்கள் சபையில் எல்லாரிடமும் ஒரே அச்சு பைபிள். மேடையில் ஒருவர் வாசிக்க, கீழே எல்லாரும் விரல் வைத்துத் தொடர்ந்து வருவோம். அன்றைய பகுதி பாதியில் பக்கம் முடிந்தது. எழுபது பேரும் ஒரே நேரத்தில் தாளைத் திருப்பியதில் மன்றம் முழுக்கச் சரசரவென்று சத்தம். மேடையில் செஃபெரினோ திருப்பவில்லை. கண்ணைப் புத்தகத்தில் வைத்தபடி, பழைய பக்கத்தைப் பார்த்துக்கொண்டே, புதிய பக்கத்தில் இருந்ததை ஒரு எழுத்துப் பிசகாமல் வாசித்து முடித்தான்.

தாச்சோவின் கண் அந்தத் திருப்பாத பக்கத்திலேயே நின்றது. கூட்டம் முடிந்ததும் அவனை அறிவிப்புப் பலகைப் பக்கம் கூட்டிப்போனார்.

“இந்த வாரம் மன்றத்தப் பெருக்கற முறை யாருதுன்னு கொஞ்சம் பாத்துச் சொல்லேன்.”

“கண்ணாடிய வீட்டுல வச்சிட்டு வந்துட்டேன்ணே.”

அவன் மூக்கில் ஒரு நாளும் கண்ணாடியை யாரும் பார்த்ததில்லை. ஆக, எழுத்துத் தெரியாது! மூன்றாம் வகுப்பு வரை படித்த அவன் பெண்டாட்டி பாஸ்தோரா வாசித்துக் காட்ட, மூன்று வாரம் உட்கார்ந்து கேட்டுக் கேட்டு மனப்பாடம் செய்திருக்கிறான். சபையில் எழுத்துத் தெரியாதவர்களுக்கு ஒரு வகுப்பு உண்டு, அதை நடத்துகிற பொறுப்பும் தாச்சோவுடையதுதான். நியாயமாகப் பார்த்தால் அன்றைக்கே அவன் தோளில் கைபோட்டு, “வாப்பா, திங்கட்கிழமை வகுப்புக்கு வா” என்று சொல்லியிருக்க வேண்டும். தாச்சோ சொல்லவில்லை. நாக்கு நுனியில் சர்க்கரை வைத்த மாதிரி அந்த ரகசியத்தைச் சப்பிக்கொண்டு வீட்டுக்குப் போனார்.

நாலு நாளில் மாநாட்டுக் கடிதம் வந்தது. ரெமிஹியோ பிரித்துப் படித்துவிட்டுச் சாதாரணமாகச் சொன்னார்: “இந்த வருஷம் செஃபெரினோவ அனுப்புவோம் தாச்சோ. நீ பதினெட்டு வருஷம் வாசிச்சாச்சு. அவன் வாசிக்கிறத ஜனங்க கேக்கட்டுமே.”

“அவன் இன்னும் பழகணும்.”

“அத நீ ஒருத்தன்தான் சொல்ற.”

பதினெட்டு வருடம். ஆயிரத்து இருநூறு பேர். எல்லாம் ஒரு சிப்பாக்காரனுக்கு, அதுவும் எழுத்தே தெரியாதவனுக்கு! “அடுத்த வியாழன் முடிவு பண்ணலாம்,” என்று சொல்லிவிட்டுத் தாச்சோ எழுந்து போனார்.

பள்ளியில் ஒரு வழக்கம் உண்டு. சீட்டு வாங்கியவர் வராமல் போனால், நடத்துகிறவர் மன்றத்தில் இருக்கிற யாரையாவது அங்கேயே பெயர் சொல்லிக் கூப்பிடலாம். கூப்பிட்டவர் ஏறி வாசிக்கவேண்டும். முன்தயாரிப்பு கிடையாது. அந்த வியாழக்கிழமை வாசிப்பு இலாரியோவுடையது. இலாரியோ தாச்சோவின் சூளையில்தான் ஓடு அடுக்குகிறான்.

மத்தியானம் தாச்சோ அவனிடம் போனார். “இருமறயே இலாரியோ. இன்னிக்குக் கூட்டத்துக்கு வராத. போய்ப் படு.”

“எனக்கா? நான் இருமலயே தோன் தாச்சோ,” என்றான் அவன். மரியாதைக்குரியவர்களை எங்கள் ஊரில் ‘தோன்’ சேர்த்துத்தான் கூப்பிடுவோம்.

“தொண்டையில தூசி கட்டியிருக்கு. எனக்குக் கேக்குது. வீட்டுல கெட.”

கூலி கொடுக்கிறவர் சொன்னால் இருமல் இருக்கத்தான் வேண்டும். அவன் தலையைச் சொறிந்துகொண்டு, “சரிங்க” என்றான். தண்ணீர்க் குடத்தோடு வந்த எமில்சே இதைக் கேட்டுக்கொண்டே போனாள்.

சாயந்திரம் மன்றம் நிறைந்திருந்தது. தாச்சோ எழுந்து, இலாரியோவுக்கு உடம்பு சரியில்லை என்றார். “அவருக்குப் பதிலா நம்ம சகோதரர் செஃபெரினோ வாசிப்பார்.” மன்றத்தில் சந்தோஷச் சலசலப்பு. பாவம், ஜனங்களுக்கு என்ன தெரியும்! செஃபெரினோ மட்டும் உட்கார்ந்த இடத்தில் ஒரு கணம் அசையவில்லை. பாஸ்தோரா அவன் முழங்கையைப் பிடித்தாள். அவன் மெதுவாக விடுவித்துக்கொண்டு மேடையேறினான்.

பைபிளை எடுத்து வைத்தான். திறந்தான். எழுபது பேர் விரலோடு காத்திருந்தார்கள். தாச்சோ கடிகாரத்தை அழுத்தினார். பத்து விநாடி. இருபது. முப்பது. செஃபெரினோவின் நெற்றியிலிருந்து ஒரு சொட்டு வேர்வை தாளில் விழுந்தது. இதோ, இதோ என்று தாச்சோவின் நெஞ்சு அடித்துக்கொண்டது. சொல்ல வெட்கம்தான், அவ்வளவு சந்தோஷமாக இருந்தது.

செஃபெரினோ புத்தகத்தை மூடினான்.

“சகோதரர்களே, எனக்கு எழுத்துத் தெரியாது. ஒரு எழுத்துகூடத் தெரியாது. இத்தனை நாளா பாஸ்தோரா சொல்லிக் குடுத்தத மனப்பாடம் பண்ணித்தான் ஒப்பிச்சேன். உங்கள ஏமாத்திட்டேன்.”

எழுபது பேரும் வரியில் வைத்திருந்த விரலை எடுத்தார்கள்.

“ஆனா ஒருத்தர் மட்டும் ஏமாறல. தோன் தாச்சோ. எனக்குப் பின்னால வந்தவங்கெல்லாம் பேச்சுக்குப் போனாங்க. என்ன மட்டும் அவரு அனுப்பல. பேச்சுன்னா புஸ்தகத்தப் பாத்துத் தயார் பண்ணணும், குறிப்பு எழுதணும், நான் மாட்டிக்குவேன்னு அவருக்குத் தெரியும். அதனால பதினோரு மாசமா வாசிப்பே குடுத்து, நாலு பேரு சிரிக்காம என்னக் காப்பாத்தினாரு. ஒரு வார்த்த வெளிய சொல்லல. எனக்கு அப்பா கெடையாதுங்க. முகாம்ல எவனும் என்ன அப்படிப் பாத்துக்கிட்டதில்ல. இன்னிக்கு ஏன் கூப்பிட்டாருன்னு ஏறி வரும்போதுதான் புரிஞ்சுது. ‘ஒளிஞ்சது போதும்டா, வெளிய வா’ங்கறாரு. வந்துட்டேண்ணே.”

பெண்கள் பக்கம் அழுகை. ஆண்கள் பக்கமும்தான், ரெமிஹியோ கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். எழுபது முகமும் தாச்சோவைப் பார்த்தன. பத்தொன்பது வருடத்தில் இப்படி யாரும் அவரைப் பார்த்ததில்லை. குறை நிறை சொல்ல அவர் எழுந்து நின்றார். “உக்காருங்க, சகோதரரே,” என்று மட்டும் சொன்னார். விட்டுப்போன பகுதியை அவரே வாசித்தார், யார் காதிலும் ஏறியதாகத் தெரியவில்லை.

வெளியே வந்தபோது வரிசையாகக் கைகுலுக்கல். “என்ன மனசு தோன் தாச்சோ உங்களுக்கு!” ரெமிஹியோ கட்டிப்பிடித்துச் சொன்னார்: “மாநாட்டுல நீயே வாசி. அவன் இப்ப வகுப்புல சேரட்டும்.” கேட்டது கிடைத்துவிட்டது. வீட்டு வாசற்படி வந்ததும் எமில்சே ஒன்றே ஒன்று சொன்னாள்.

“இலாரியோ இருமல தாச்சோ. ஒரு தடவகூட.”

மறுநாளிலிருந்து செஃபெரினோ தினமும் சூளைக்கு வர ஆரம்பித்தான். விற்காமல் எடுத்துவைத்த சூடான சிப்பா நாலு, இலையில் சுற்றி. “அண்ணனுக்கு.” உட்கார்ந்து, வகுப்பில் படித்த எழுத்து ஒவ்வொன்றாக மண்ணில் எழுதிக் காட்டுவான். போகும்போது மறக்காமல் ஒரு நன்றி. தாச்சோ சிப்பாவை இலாரியோவிடம் கொடுத்துவிடுவார். எமில்சே கோட்டை வெயிலில் போடவில்லை. கேட்டதற்கு, “உன் கோட்டு, நீயே போட்டுக்கோ” என்றாள்.

மாநாட்டு நாள் காலை, கூட்டுரோட்டில் வாடகை பஸ் நின்றது. எல்லாரும் சமையல் பாத்திரமும் குடையும் குழந்தையுமாக ஏறிக்கொண்டிருந்தார்கள். செஃபெரினோ புதுச்சட்டை போட்டுக்கொண்டு தாச்சோவைத் தேடி ஓடி வந்தான்.

“அண்ணே, சேதி தெரியுமா? வட்டாரக் கண்காணி சொல்லியனுப்பியிருக்காரு. மாநாட்டுல அனுபவம் சொல்ற நேரத்துல என்ன மேடையேறச் சொல்றாரு! பதினோரு மாசம் நீங்க என்னக் காப்பாத்தின கதைய ஆயிரத்து இருநூறு பேருக்கும் சொல்லணுமாம். நீங்க வாசிச்ச ஒடனே நானு. பத்து நிமிஷம்!”

வாசிப்பு ஐந்து நிமிடம். இவனுக்குப் பத்து. இவன் நிற்பான், நிறுத்துவான், தவிக்கவிடுவான், அரங்கமே அழும். தாச்சோ வாசித்ததை எவன் நினைவில் வைத்திருப்பான்? அதுவும் அந்த அழுகை முழுக்க ஒரு பொய்யின்மேல். தாச்சோவின் வாய் தானாகத் திறந்தது. மனசாட்சி திறந்ததா, பொறாமை திறந்ததா என்று அவருக்கே இன்றுவரை தெரியாது.

“செஃபெரினோ, நான் ஒன்னக் காப்பாத்தல.”

“என்னண்ணே?”

“இலாரியோவுக்கு ஒடம்புக்கு ஒண்ணுமில்ல. நான்தான் வரவேணாம்னேன். நீ பக்கம் திருப்பலங்கறதப் பாத்துட்டேன். மேடையில நீ முழிக்கணும், ஜனங்க பாக்கணும், அதுக்குத்தான் ஒன்னக் கூப்பிட்டேன்.”

பஸ்காரன் ஹாரன் அடித்தான். செஃபெரினோ அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். கோபம் வரவில்லை. ஏதோ கணக்குப் போடுகிற மாதிரி உதடு லேசாக அசைந்தது.

“சரிண்ணே. அது ஒரு நாளு. அந்தப் பதினோரு மாசம்?”

“அப்ப எனக்கு ஒண்ணும் தெரியாது. நீ நல்லா வாசிச்ச. என்னவிட நல்லா வாசிச்ச. பொறுக்கல. அவ்வளவுதான்.”

செஃபெரினோ தலையைக் குனிந்துகொண்டான். புதுச்சட்டையின் பொத்தான் ஒன்றைத் திருகினான்.

“அத மட்டுமாவது எனக்கு விட்டு வச்சிருக்கலாம்ணே,” என்றான்.

ஏறிப்போய்ப் பின்சீட்டில் உட்கார்ந்தான். தாச்சோ முன்னால், டிரைவருக்குப் பின்னால் உட்கார்ந்தார். பஸ் புறப்பட்டுக் கொஞ்ச தூரம் போனதும் பின்னாலிருந்து குரல்கள் கேட்டன. “செஃபெரினோ, ஏன்ப்பா பேசாம இருக்க? ஒடம்பு சரியில்லயா?” “இந்தா, தண்ணி குடி.” ரெமிஹியோ எழுந்து பின்னால் போனார். இலாரியோ போனான். எமில்சேயும் கைப்பையை எடுத்துக்கொண்டு எழுந்து போனாள். வாசிக்கவேண்டிய பகுதியை மடியில் திறந்து வைத்துக்கொண்டு தாச்சோ தனியாக உட்கார்ந்திருந்தார். பின்னால் அவன் ஒரு வார்த்தை பேசவில்லை, அதற்கே பஸ் முழுக்க அவனைச் சுற்றி நின்றது. அந்த நேரத்திலும், எல்லாவற்றையும் சொல்லித் தீர்த்த அந்த நேரத்திலும், தாச்சோவுக்கு வயிறு எரிந்தது.